தலையில் வைக்காத பூ

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் தாம்பரத்தில் பூ வாங்கப் போனால், எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர்கள் முதலில் கேட்க மாட்டார்கள். எதற்கு வேண்டும் என்றுதான் கேட்பார்கள். "தலைக்கா, சாமிக்கா, கல்லறைக்கா?" பதிலைச் சொன்னதும் அவர்கள் கை தானாக ஒரு கூடைக்குப் போய்விடும். தலைக்கு என்றால் மல்லி, முல்லை, கனகாம்பரம். சாமிக்கு என்றால் ரோஜா மாலை. கல்லறைக்கு என்றால் சாமந்தியும் உதிர்த்த ரோஜா இதழும். பதினாலு வருஷம் நான் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "கல்லறைக்குத்தான். ஆனா யாரும் தலையில வைக்காத பூவா இருக்கணும்."

"இன்னாமா நீ, எல்லாரும் நல்ல பூவா பாத்து கேப்பாங்க. நீ வேணாம்ன பூவ கேக்குற" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வயதில் மூக்கு நுனியில் கோபம். இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில்.

இந்த விசித்திரமான சட்டம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்ல, எனக்கு வந்த ஒரு காய்ச்சலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரைத் தாண்டி இருந்தது. அப்பா பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஆபீசில் கிளார்க். காலையில் மின்சார ரயிலில் போய் சாயங்காலம் மின்சார ரயிலில் திரும்புவார். ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கப் படிக்கட்டு முடியும் இடத்தில், ஈரச்சாக்கு விரித்து ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். அவரிடம் தினமும் இரண்டு முழம் மல்லி. மல்லி வராத மழைக்காலத்தில் டிசம்பர் பூவோ கனகாம்பரமோ, எது கிடைக்கிறதோ அது. வாழைச்சருகில் மடித்துக் கட்டிய அந்தப் பொட்டலத்தைச் சாப்பாட்டுப் பையில் காலி டிபன் கேரியருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு வருவார். "உங்க மல்லியில ரசம் வாசனை அடிக்குது" என்று அம்மா கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே கொண்டையைச் சுற்றி வைத்துக்கொள்வாள். அம்மாவுக்கு முடி அடர்த்தி. இரண்டு முழம் வைத்தாலும் ஒரு முழம் வைத்த மாதிரிதான் தெரியும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா பட்டுப்புடவையும் பூவுமாகக் கிளம்பினால் அப்பா பின்னாலேயே வருவார். முன்னால் நடந்தால் அம்மாவைப் பார்க்க முடியாது என்பதால்தான் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

எண்பதாம் வருஷ மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. பதினோரு வயது. வீட்டில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு கட்டத்தில் டாக்டர் அப்பாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அப்பா திரும்பி வந்து என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அந்த வார்டுக்கு வெள்ளைப் புடவை கட்டிய சில பெண்கள் தினமும் வருவார்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இருக்காது. தலையில் பூ இருக்காது. ஒவ்வொரு கட்டிலுக்கும் போய் ஜெபம் பண்ணுவார்கள். என் கட்டிலுக்கு வந்தபோது அம்மா அவர்களோடு தரையில் முழங்கால் போட்டாள். பிள்ளையைப் பிழைக்க வைத்தால் நகையும் பூவும் இனி வேண்டாம் என்று பொருத்தனை செய்தாள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்தது என்று அப்பா சொன்னார். வீட்டுக்கு வந்த அன்றே அம்மா தோட்டையும் வளையலையும் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அடுத்த மாதம் அந்தச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். தாலியை மட்டும் கழற்ற மாட்டேன் என்று சபையிலேயே சண்டை போட்டு வைத்துக்கொண்டாளாம்.

ஆகவே அம்மா பூவை விட்டது எனக்காக. இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டது.

"நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நான் இருக்கும்போதே தலையை மொட்டையா வச்சுக்கினு நிக்கிறியே, பார்க்கிறவன் என்னடி நினைப்பான்?" என்றார் அப்பா. கோபம் வந்தால்தான் அவருக்கு அந்த மாதிரி பேச்சு வரும்.

"பார்க்கிறவன் நினைக்கிறது இருக்கட்டும். பொண்ணு கண்ணு முன்னால நடமாடுறா இல்ல? அதைப் பாருங்க" என்றாள் அம்மா.

அப்பாவின் வருத்தம் வெறும் வறட்டுக் கௌரவம் இல்லை. அப்பாவோடு ஆபீசில் வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம், மாடம்பாக்கத்தில். வாசலில் சந்தனமும் பூவும் வைத்த தட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எனக்குக் கொடுத்தாள். அம்மாவின் தலையையும் காதையும் பார்த்தாள். தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு அடுத்து வந்தவரிடம் நீட்டினாள். தாலி புடவைக்குள் மறைந்திருந்தது; புருஷன் இல்லாதவள் என்று நினைத்துவிட்டாள், பாவம். புருஷன் ஓர் அடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஒன்றும் நடக்காதது மாதிரி உள்ளே போய்விட்டாள். அப்பா அன்றைக்குப் பந்தியில் உட்காரவே இல்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் வழக்கம் போல இரண்டு முழம் இருந்தது.

அதுதான் அப்பா. அம்மா தலையில் வைக்க மாட்டாள் என்று தெரிந்த பிறகும் நாலரை வருஷம் ஒரு நாள் விடாமல் வாங்கி வந்தார். அம்மாவும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. பொட்டலத்தைப் பிரிப்பாள். தண்ணீர் தெளித்துத் திரும்ப மூடித் தண்ணீர்ப் பானை மேல் வைப்பாள். காலையில் "திரும்பு" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பி, இரட்டைச் சடை போட்டு, அந்தப் பூவை என் தலையில் வைத்து அனுப்புவாள். என்னை மட்டும் சபைக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. அதனால் எனக்குப் பூ உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பிலேயே தினமும் பூ வைத்து வந்தது நான்தான். யாருக்காக வாங்கின பூ என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வைத்துக்கொண்டு போனேன்.

எண்பத்தைந்தில் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். மே மாத வெயில். அம்மா கிணற்றடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், தலையை வலிக்கிறது என்று சொல்லிக் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மணி மூன்றரை. பக்கத்துக் கடையிலிருந்து அப்பா ஆபீசுக்கு போன் போட்டார்கள். அப்பா வெளிவேலையாகப் போயிருக்கிறார், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார் என்று பதில் வந்தது. சொல்ல வழி இல்லை. நாங்கள் அம்மாவைக் கொண்டுவந்து முன்அறையில் கிடத்திவிட்டு அப்பாவுக்காகக் காத்திருந்தோம்.

ஆறு மணிக்கு அப்பா தெருமுனையில் திரும்பினார். வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது. பிறகு வேகமாக வந்தார். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழுந்து போய்ப் பையை வாங்கப் பார்த்தேன். கொடுக்கவில்லை. அந்தப் பைக்குள் அன்றைய பூ இருந்தது.

அம்மாவைக் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை கட்டி விட்டது சபைப் பெண்கள்தான். அழகாகத் தலைவாரி விட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பெட்டி வந்தது. பங்குக் கோயில் பதிவேட்டிலிருந்து அம்மாவின் பெயரை எடுக்க அப்பா அந்த நாலரை வருஷமும் விடவே இல்லை. அதனால் எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே இடம் கொடுக்க ஃபாதர் சம்மதித்துவிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெட்டியை மூடப் போகும் நேரத்தில் அப்பா உள்ளே போய் அந்தப் பொட்டலத்தோடு வந்தார்.

ராத்திரி முழுக்கப் பானை மேல் இருந்திருக்கிறது. அப்பாவே தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார். சருகைப் பிரித்ததும் வாசனை அறை முழுக்க வந்தது. அப்பா குனிந்தார்.

சபையிலிருந்து வந்த வயதான பெண் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, நாங்க தடுக்கல. ஆனா அது அந்தச் சகோதரி கர்த்தருக்குப் பண்ணின பொருத்தனை. கொஞ்சம் யோசிச்சுக்குங்க."

அப்பாவின் அக்கா, என் அத்தை, எழுந்து நின்றுவிட்டாள். "இன்னா யோசிக்கறது? மஞ்சக் குங்குமத்தோட போக வேண்டியவ. புருஷன் கையால ஒரு பூ கூட இல்லாம அனுப்பணுமா?" எங்கள் வீட்டில் மஞ்சளும் கிடையாது, குங்குமமும் கிடையாது. அத்தைக்கு ஆத்திரம் வந்தால் மதம் மறந்துவிடும்.

இரண்டு பக்கமும் குரல் ஏறியது. அப்போது யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பொண்ணக் கேளுங்க. அம்மா கூடவே இருந்தவ. அவ சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவர் கையில் சரத்தின் ஒரு நுனி, மறுநுனி பெட்டிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் விருப்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் அதற்கும் முன்னால் பயந்தேன். என் உயிருக்காகச் செய்த பொருத்தனை. அந்தத் தலையில் பூவை வைத்துவிட்டால் எனக்கு என்ன ஆகும்? அம்மா செத்துக் கிடக்கும்போது நான் என்னைப் பற்றி யோசித்தேன். பதினாறு வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

"வேணாம்ப்பா. அம்மாதான் விட்டுட்டாங்க இல்ல" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

அப்பா சரத்தைச் சுருட்டிச் சருகில் வைத்து என் கையில் கொடுத்தார். நான் அதை ஜன்னல் கட்டையில் வைத்தேன். அடக்கம் முடிந்து வந்து பார்த்தபோது வெயில் பட்டுப் பழுப்பாகியிருந்தது. கிணற்றுக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

அந்த வருஷம் நவம்பரில் முதல் கல்லறைத் திருநாள். அப்பா என்னிடம் வந்து, "நாளைக்கு என்ன பூடி வாங்கலாம்?" என்று கேட்டார். கேலியோ கோபமோ இல்லை. நிஜமாகவே கேட்டார். பெட்டிக்கு முன்னால் நான் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து அம்மாவின் பூ விஷயத்தில் அப்பாவுக்கு நான்தான் அதிகாரி ஆகிவிட்டேன். பூவே வேண்டாம், மெழுகுவர்த்தி போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சுற்றியிருக்கிற கல்லறையெல்லாம் பூவாகக் கிடக்கும்போது அம்மா கல்லறை மட்டும் வெறுமனே கிடப்பதை நினைக்க எனக்கு மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்து அந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்தேன். அம்மா விட்டது தலையில் வைக்கிற பூவை. அப்படியானால் தலையில் வைக்காத பூ குற்றமில்லை.

கேட்க நியாயமாக இருந்தது. கடைக்குப் போனால்தான் தெரிந்தது, நம் ஊரில் பெண்கள் தலையில் வைக்காத பூ என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. மல்லி, முல்லை சரி. சாமந்தியை ஒற்றையாகச் செருகிக்கொள்கிறார்கள். ரோஜா, கேட்கவே வேண்டாம். கோழிக்கொண்டை கதம்பத்தில் வந்துவிடுகிறது. தாழம்பூவைக் கூடச் சடையில் வைத்துத் தைக்கிறார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டிலிருந்து வெள்ளை அரளி பறித்துக்கொண்டு போனேன். அடுத்த வருஷம் வாடாமல்லி. அதற்கடுத்த வருஷம் ஒரு கிழவி வாடாமல்லியைக் கொண்டையில் வைத்திருப்பதைப் பார்த்துத் தொலைத்தேன். அந்த வருஷம் குரோட்டன்ஸ் இலைதான். "ஆட்டுக்குப் போடுற மாதிரி தழையக் கொண்டாந்து போட்டுக்கீறாளே" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் நான் கொண்டுவந்ததை வாங்கிப் பொறுமையாகச் சிலுவை மாதிரி அடுக்குவார்.

எங்கள் பக்கத்துக் கல்லறைக்கு ஒரு குடும்பம் வரும். அந்த வீட்டு அம்மா பெரிய பந்தாக மல்லிச்சரம் கொண்டுவருவார். பாதியைக் கல்லறைமேல் சுற்றிவிட்டு மீதியை மகள்களுக்கும் மருமகளுக்கும் கிள்ளிக் கொடுத்துத் தானும் வைத்துக்கொள்வார். ஃபாதர் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு வரும்வரை பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா அந்தப் பூப்பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். பார்க்காத மாதிரி மெழுகுவர்த்தியைக் காற்றிலிருந்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டவர்களுக்கு ஒரு பிடிவாதம் வரும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். நான் அந்த ரகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு எழும்பூரில் வேலை கிடைத்தது. சில நாள் அப்பா வருகிற ரயிலிலேயே நானும் ஏறிவிடுவேன். தாம்பரத்தில் இறங்கினால் கிழக்குப் பக்கப் படிக்கட்டுதான் எங்களுக்குக் கிட்டம். அப்பா மேற்குப் பக்கம் இறங்கினார். அங்கிருந்து ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வர இருபது நிமிஷம் கூடுதல். "ஏன்ப்பா இப்படி?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் கூட்டம்டி" என்றார். கூட்டமெல்லாம் மேற்கே பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். கிழக்கே அந்த நேரத்தில் ஆளே இருக்காது. வீடு வந்து சேருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கிழக்குப் படிக்கட்டின் கீழே பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். பார்த்தால் கூப்பிடுவார். அப்பா என்ன பதில் சொல்வார்? அம்மா போன நாளிலிருந்து ஆறேழு வருஷமாக அப்படித்தான் சுற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகி மேடவாக்கத்தில் வாடகை வீட்டுக்குப் போனேன். கல்யாணத்தன்று என் தலை நிறையப் பூ வைத்துவிட்டார்கள். அப்பா பார்த்தார், வெளியே போய்விட்டார். அந்த ஒரு நாளோடு சரி, பிறகு நான் வைக்கவில்லை. "திரும்பு" என்று தோளைப் பிடித்துத் திருப்ப ஆளில்லாமல் எனக்குப் பூ வைக்கத் தோன்றியதில்லை. ஆனால் நவம்பர் இரண்டாம் தேதி தவறியதில்லை. மேற்குத் தாம்பரத்தில் பொக்கே கடை வந்துவிட்டிருந்தது. பெங்களூரிலிருந்து வரும் நீளத்தண்டுப் பூக்கள், பெரிய பெரிய ஜெர்பரா. அவற்றை யாரும் தலையில் வைக்க முடியாது. எனக்குப் பெரிய நிம்மதி. கட்டாக வாங்கிப் போனேன். அப்பா ஒரு பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்காடி?" என்று கேட்டார்.

"நிஜப் பூதான்ப்பா."

"அப்படியா" என்றவர் அதையும் சிலுவையாக அடுக்கினார்.

தொண்ணூற்றெட்டு நவம்பர் அப்பா வந்த கடைசித் திருநாள். அவருக்கு முட்டி வலி. குனிய முடியவில்லை, சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். நான் ஜெர்பராவை அடுக்கினேன். அந்த விளிம்பின் விரிசலில் நித்தியகல்யாணிச் செடி ஒன்று தானாக முளைத்திருந்தது. கல்லறையிலும் சுடுகாட்டிலும் யாரும் வைக்காமல் வளருமே, அந்த ரோஸ் நிறப் பூ. சுடுகாட்டு மல்லி என்று கூட அதைச் சொல்வார்கள். அப்பா அதில் ஒரு பூவைக் கிள்ளினார். கல்லறைமேல் நீட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதை யாரும் தலையில வைக்க மாட்டாங்க இல்ல? வைக்கலாமா?"

"வைங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்து வருகிற மாதிரி குழாயடிக்குப் போய்விட்டேன். இந்த மனுஷன் தன் பெண்டாட்டிக்கு ஒரு பூ வைக்க என்னிடம் அனுமதி கேட்கிறார். பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நானும் என்னமோ பெரிய சட்டம் பேசிக்கொண்டு கொடுக்காமல் இருந்திருக்கிறேன். யார் என்னை நடுவில் நிற்கச் சொன்னது? குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த வருஷம் மல்லி வாங்கலாம்ப்பா என்று திரும்பி வந்து சொல்லத்தான் நினைத்தேன். வந்தபோது பக்கத்துக் கல்லறை அம்மா அப்பாவிடம் முட்டிவலிக்குத் தைலம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில், காலையில் காபி குடித்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை.

நான் மேடவாக்கத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அத்தை வந்திருந்தாள். சொந்தக்காரர்கள் ரோஜா மாலையும் சம்பங்கி மாலையுமாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டக்காரர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வருஷம் ஆயிட்சிம்மா. அம்மா குழியவே தெறந்துடலாம். எலும்பெல்லாம் எடுத்து வெள்ளத்துணியில கட்டி, அப்பா தலமாட்டுலயே வச்சிட்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பாங்க. சரியா?" சரி என்றேன். நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று.

பிறகு யாரிடமும் சொல்லாமல் கிளம்பி ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் போனேன். பூக்காரம்மா அதே இடத்தில்தான் இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார், முடி நரைத்திருந்தது. அந்த வருஷத்து மல்லி அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.

"தலைக்கா கண்ணு, சாமிக்கா?"

"தலைக்குத்தான். ரெண்டு முழம். நெருக்கமா கட்டினதா குடுங்க."

முழம் போடக் கையில் எடுத்த சரத்தை அவர் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்டித்தான் ஒரு அண்ணன் கேப்பாரு. சாப்பாட்டுப் பைய மாட்டிகினு தெனிக்கும் வருவாரு. 'நெருக்கமா குடும்மா, லூசா கட்டுனா தலையில நிக்கலன்னு வூட்ல திட்றாங்க'ம்பாரு. மழையா இருந்தாலும் வுடமாட்டாரு. அப்பால ஒரு நாளு ஆளயே காணோம். வேற ஊருக்கு மாத்திட்டாங்க போல."

தலையில் நிற்கவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் திட்டியதில்லை. அவர் சொல்கிற வருஷங்களில் கடைசி நாலரை வருஷம் அம்மா பூ வைத்துக்கொள்ளவே இல்லை. அப்பா அந்தப் படிக்கட்டின் கீழே நின்று, பூ வைத்துக்கொண்டு சண்டை போடுகிற ஒரு பெண்டாட்டியைப் பற்றித் தினமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அது எங்கப்பாதான்" என்றேன்.

"அட, அவர் பொண்ணா நீ! நல்லா கீறாரா?"

"வீட்லதான் இருக்காரு."

"அக்கா?"

"அவங்களுக்குத்தான் பூ."

பூக்காரம்மா இரண்டு முழம் அளந்துவிட்டு, மேலே ஒரு சாண் கூட்டி அறுத்தார். "நான் குடுத்தேன்னு அக்காகிட்ட சொல்லு" என்று வாழைச்சருகில் மடித்துக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டிருந்தார். அப்பாவின் விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. மாலைகளைக் கொஞ்சம் விலக்கி, அவருடைய வலது கைக்குள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்தேன். விரல் மடங்கவில்லை. கையை விலாவோடு ஒட்டி வைத்து நழுவாமல் பார்த்துக்கொண்டேன்.

"இன்னாடி அது?" என்றாள் அத்தை.

"அம்மாவுக்குப் பூ."

"உங்கம்மாதான் வச்சிக்க மாட்டாளேடி!"

"அது அவங்க ரெண்டு பேர் பாடு அத்தை. நமக்கென்ன?"

பதினாறு வயதில் சொல்லியிருக்க வேண்டிய பதில். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பொட்டலத்தின் சருகு ஈரமாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடச் சொன்னேன்.